கல்வீடுகளும் கல்மரங்களும்: அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனத்தில் ஆறு நாள்

நியூ மெக்சிகோ, கொலராடோ, அரிசோனா, யூட்டா மாநிலங்கள் நான்கும் சந்திக்கும் வட்டாரத்தில், அமெரிக்கப் பழங்குடிகளான புவேப்லோ மக்களின் மூதாதையர் கட்டிய கல்வீடுகள் இருக்கின்றன. சில மணி நேரம் கார் ஓட்டினால் 20 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கல்மரங்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வாரத்துக்குப் பன்னிரண்டு இடம் குறித்துக்கொண்டு போகிறவர்களுக்கு நான்காவது இடத்திலேயே எல்லாச் சுவரும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும். ஆறு நாளில் நான்கு தலமும் இரண்டு அருங்காட்சியகமும் போதும். எதை முதலில் பார்க்கிறோம் என்பதில்தான் பயணத்தின் பாதிப் பயன் இருக்கிறது.

நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கி நகரில் தொடங்குங்கள். முதல் நாள் அங்கேயே இரண்டு அருங்காட்சியகங்கள். நியூ மெக்சிகோவின் 19 புவேப்லோ சமூகங்கள் சேர்ந்து நடத்தும் இந்தியன் புவேப்லோ கலாச்சார மையம் ஒன்று. இயற்கை வரலாறு, அறிவியல் அருங்காட்சியகம் மற்றொன்று. முதலாவதைத் தவிர்க்கவே கூடாது. இடிபாடுகளைக் கட்டியவர்கள் மாயமாக மறைந்துபோனார்கள் என்று பழைய வழிகாட்டி நூல்கள் எழுதும். அவர்கள் மறையவில்லை. 1276 முதல் 1299 வரை நீடித்த பெரும் வறட்சியை ஒட்டித் தெற்கிலும் கிழக்கிலும் குடிபெயர்ந்தார்கள். வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். ‘அனசாசி’ என்ற பெயரை அவர்கள் விரும்புவதில்லை. அது அவர்களுக்குப் பிறர் வைத்த பெயர், நவாஹோ என்ற வேறொரு பழங்குடியின் மொழிச் சொல். ‘புவேப்லோ மூதாதையர்’ என்றே சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் 550-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போய் அஸ்டெக் இடிபாடுகள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மெக்சிகோவின் அஸ்டெக்குகளுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பின்னால் வந்த குடியேறிகள் தவறாக வைத்த பெயர். இங்கே உள்ள பெரிய கிவாவை, அதாவது சடங்குகளுக்கான வட்ட மண்டபத்தை, அகழாய்வாளர் ஏர்ல் மோரிஸ் 1934-இல் கூரையோடு மீண்டும் கட்டினார். உள்ளே இறங்கிச் சற்று நேரம் அமைதியாக உட்காருங்கள். அந்த அரையிருட்டும், தூண்களின் பருமனும், கூரையின் கனமும் மனதில் பதிந்துவிட்டால் மற்ற இடங்களில் கூரை போன வெறும் வட்டக் குழிகளைப் பார்க்கும்போது அவை குழியாகத் தெரியாது. அடுத்த நாள் பார்க்கப்போகும் சாக்கோ இடிபாடுகளுக்கு முன்பே இங்கே வரச் சொல்வது இதனால்தான். இரவுக்குப் பக்கத்து ஊரான ஃபார்மிங்டனில் தங்கலாம்.

மூன்றாம் நாள் சாக்கோ தேசிய வரலாற்றுப் பூங்கா. பயணத்தில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான், அதுவும் போகும் வழியிலேயே. 550-இலிருந்து பிரிந்த பிறகு 21 மைல். அதில் 8 மைல் தார்ச்சாலை, 13 மைல் மண்சாலை. காய்ந்திருந்தால் சாதாரணக் காரே மெதுவாகப் போய்விடும். மழை பெய்தால் அந்தக் களிமண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரம் வழுக்கும். நான்கு சக்கர இயக்கமும் கைகொடுக்காது. ஜூலை முதல் செப்டம்பர் பாதி வரை பிற்பகல் இடிமழைக் காலம். அந்த மாதங்களில் போவதானால் விடியற்காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும். செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் எல்லா வகையிலும் மேல். புறப்படுமுன் பூங்காவுக்குத் தொலைபேசியில் அழைத்துச் சாலை நிலையைக் கேளுங்கள். பூங்கா தன் தளத்தில் கொடுத்திருக்கும் வழியிலேயே போங்கள். குறுக்குவழி என்று செல்பேசி காட்டும் பாதை மோசமான தடத்தில் கொண்டுபோய் விடும். வாடகைக் கார் என்றால் மண்சாலைக்கு ஒப்பந்தத்தில் அனுமதி உண்டா என்று முன்பே படித்துப் பாருங்கள். உள்ளே பெட்ரோலும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. டேங்கை நிரப்பிக்கொண்டு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்கில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் இருப்பதால் வெயில் உறைக்காததுபோல் தோன்றும், ஆனால் உடல் வற்றிக்கொண்டே இருக்கும். வெறும் தண்ணீர் மட்டும் குடிக்காமல் உப்புள்ள தின்பண்டமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9 மைல் வளையச் சாலையில் நிற்க வேண்டிய இடங்கள் பல. நேரம் குறைவென்றால் புவேப்லோ போனிட்டோ ஒன்றுக்கே இரண்டு மணி நேரம் கொடுங்கள். சுமார் 850-க்கும் 1150-க்கும் இடையே கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த கட்டடம் இது. 600-க்கும் மேற்பட்ட அறைகள். இடிந்த சுவர் ஒன்றின் முனையில் நின்று குறுக்குவெட்டைப் பாருங்கள். இரண்டு பக்கமும் செதுக்கி ஒழுங்காக அடுக்கிய மணற்கல், நடுவில் கரடுமுரடான கல்லும் மண்சாந்தும். அடியில் தடித்து, மாடிக்கு மாடி மெலிந்துகொண்டே போகும். சுவரில் ஒரே மட்டத்தில் வரிசையாகத் தெரியும் வட்டத் துளைகள் உத்தரம் செருகிய இடங்கள். கீழிருந்து அந்த வரிசைகளை எண்ணினால் அந்தச் சுவர் எத்தனை மாடி தாங்கியது என்று தெரிந்துவிடும். சில இடங்களில் உத்தரமே இன்னும் இருக்கிறது. அவற்றின் மரவளையங்களை ஒப்பிட்டு எண்ணித்தான் கட்டிய ஆண்டைச் சொல்கிறார்கள், வானியலாளர் ஏ. இ. டக்ளஸ் 1929-இல் வளைய வரிசையை நிகழ்காலம் வரை இடைவெளியின்றி இணைத்த பிறகே இது முடிந்தது. பெரும்பாலான மரங்கள் வந்தது 75 கி.மீ.க்கும் அப்பாலுள்ள சுஸ்கா, சூனி மலைகளிலிருந்து. அவர்களிடம் சக்கரமும் இல்லை, பாரம் இழுக்கும் விலங்கும் இல்லை. இதை நினைத்துக்கொண்டு அந்த ஒற்றை உத்தரத்தின் முன்னால் நில்லுங்கள்.

சுவரில் சாயாதீர்கள், உட்காராதீர்கள், மண்சாந்து உதிர்கிறது. பாறைச் செதுக்கலைத் தொட்டால் விரலின் எண்ணெய் அதன் மேற்பரப்பைக் கெடுக்கும். உச்சிவெயிலில் செதுக்கல்கள் கண்ணுக்கே தெரியாமல் போகும். காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்ந்து விழும்போது பாருங்கள்.

தரையில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பானை ஓட்டுத் துண்டு கிடந்தால் கிடக்கிற இடத்திலேயே விட்டுவிடுங்கள். பலர் எடுத்துப்போவதில்லை, ஆனால் நல்ல ஓடுகளாகப் பொறுக்கி ஒரு தட்டைப் பாறைமேல் அடுக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள். அதுவும் அதே அளவு சேதம்தான். எந்த அறைக்கு வெளியே, எந்தக் குப்பைமேட்டில், எந்த ஓட்டுக்குப் பக்கத்தில் அது கிடந்தது என்பதே அதன் வரலாறு. இடம் மாறினால் அது வெறும் மண்துண்டு. அரசு நிலத்தில் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை எடுப்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். படம் எடுத்தால் இருப்பிடக் குறியீட்டை நீக்கிவிட்டுப் பகிருங்கள்.

நான்காம் நாள் கொலராடோவிலுள்ள மேசா வெர்டே தேசியப் பூங்கா. குன்றின் குடைவுக்குள் இருக்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குள் பூங்கா ரேஞ்சரோடுதான் போக முடியும். ரேஞ்சர் வழிகாட்டும் நடைக்கான டிக்கெட், செல்லும் நாளுக்கு 14 நாள் முன்பு, மலைநேரம் (Mountain Time) எனப்படும் அந்த வட்டார நேரப்படி காலை 8 மணிக்கு இணையத்தில் திறக்கும். சீசனில் வேகமாகத் தீர்ந்துவிடும். நுழைவுக் கட்டணமும் ஆண்டு பாஸும் இதற்குச் செல்லாது, தனியாகவே வாங்க வேண்டும். கிளிஃப் பேலஸில் சுமார் 150 அறை. படிகளும் ஏணிகளும் ஏறி இறங்க வேண்டும். பால்கனி ஹவுஸில் 32 அடி ஏணியும், 18 அங்குல அகலத்தில் 12 அடி நீளச் சுரங்கமும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களும் உயரத்துக்குப் பயப்படுகிறவர்களும் முன்னதையே எடுங்கள். நுழைவாயிலிலிருந்து வீடுகள் இருக்கும் இடத்துக்கு வளைந்து வளைந்து போகும் மலைச்சாலை, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தாமதமானால் குழு காத்திருக்காது.

கடிகாரத்திலும் கவனம் வேண்டும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் வழக்கம் கொலராடோவிலும் நியூ மெக்சிகோவிலும் உண்டு, அரிசோனாவில் இல்லை. அரிசோனாவுக்குள்ளேயே நவாஹோ நிலத்தில் நேரம் மாறும், அதன் நடுவிலுள்ள ஹோப்பி பழங்குடியின் நிலத்தில் மாறாது. செல்பேசியின் நேரம் ஒரே பிற்பகலில் இரண்டு மூன்று முறை தாவும். நேரம் குறித்த எதற்கும் அந்த இடத்தின் நேரத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். ஹோப்பி ஊர்களில் படமெடுக்கவோ வரையவோ ஒலிப்பதிவு செய்யவோ கூடாது.

ஐந்தாம் நாள் தெற்கே அரிசோனாவின் ஹோல்புரூக் ஊர் வரை கார் ஓட்டமே. ஆறாம் நாள் கல்மரங்கள் இருக்கும் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் பூங்காவுக்குத் தெற்கு வாயில் வழியாக நுழையுங்கள். 28 மைல் சாலை வடக்கு வாயிலில் 40-ஆம் நெடுஞ்சாலையோடு சேர்ந்துவிடும். அங்கிருந்து அல்புகர்க்கிக்கு நேர்வழி, திரும்பி வர வேண்டியதில்லை.

திருவக்கரையில் கல்மரம் பார்த்தவர்களுக்கு வடிவம் பழகியதாக இருக்கும், நிறங்கள்தான் புதிது. ஆற்றோடு வந்த மரங்கள் வண்டலிலும் எரிமலைச் சாம்பலிலும் புதைந்தன. காற்று படாததால் மெதுவாகவே மக்கின. அதற்குள் நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்துக்குள் ஊறிப் படிகக்கல்லாகிவிட்டது. சிவப்பும் மஞ்சளும் இரும்பினால், கறுப்பும் ஊதாவும் மாங்கனீசினால். ரம்பம் போட்டு அறுத்ததுபோல் துண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்துப் பலரும் மனிதர் வேலை என்று நினைக்கிறார்கள். படிகம் வளையாது, நிலம் அசைந்தபோது நேர்க்கோட்டில் முறிந்தது. நுழைந்ததும் ரெயின்போ ஃபாரஸ்ட் அருங்காட்சியகத்தில் அக்கால ஊர்வனவற்றின் எலும்புக்கூடுகளைப் பார்த்துவிட்டு, அதன் பின்புறமே உள்ள ஜயன்ட் லாக்ஸ் பாதையில் நடங்கள்.

விரல்நகம் அளவுத் துண்டுகூட எடுக்கக்கூடாது. மனம் கேட்காமல் பலர் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாததால் அவற்றை மறுபடி நிலத்தில் வைக்க முடிவதில்லை. ஆசையாக இருந்தால் தனியார் நிலத்திலிருந்து வந்ததை ஹோல்புரூக் கடைகளில் வாங்கலாம். பூங்காவுக்குள் போகுமுன் வாங்கியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்து, வாயிலிலேயே சொல்லிவிடுங்கள்.

புளூ மேசாவின் ஒரு மைல் பாதை இறக்கத்தில் சுலபம், ஏற்றம் செங்குத்து. வெயில் ஏறுமுன் முடியுங்கள். அடுத்து புவேர்கோ புவேப்லோ என்ற பழைய ஊரின் இடிபாடு. பூங்காவின் வடபகுதியிலுள்ள பெயின்டெட் டெசர்ட் என்ற வண்ணப் பாலைநிலம் மாலை வெளிச்சத்தில்தான் நிறம் காட்டும், ஆனால் பூங்கா இரவில் மூடிவிடும். மூடும் நேரத்தை உள்ளே நுழையும்போதே கேட்டு, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது புவேர்கோவை விட்டு வடக்கே புறப்பட்டுவிடுங்கள்.