ஃபாஸ்ட்ஏபிஐக்கு டேட்டாபேஸ் கருவி: நான் தேர்ந்தெடுக்கும் முறை

பைதானில் வெப் செயலி எழுத உதவும் ஜாங்கோவில், டேபிள்களைப் பைதான் கிளாஸ்களாகக் கையாள உதவும் ஓஆர்எம் கூடவே வந்துவிடும். அதே மொழியில் ஏபிஐ எழுத உதவும் ஃபாஸ்ட்ஏபிஐ, எந்த டேட்டாபேஸ் கருவி என்ற முடிவை நம்மிடமே விட்டுவிடுகிறது. புதிதாக வருபவர்கள் பலர் இந்த இடத்தில், எந்தக் கருவி வேகம் என்ற ஒப்பீடுகளைப் படித்தே நாட்களைக் கழிக்கிறார்கள். வேகத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.

முதலில் ஒரு நோட்டை எடுத்து, உங்கள் செயலியில் அடிக்கடி ஓடப்போகும் ஐந்து குவெரிகளை வெறும் எஸ்கியூஎல்லில் எழுதுங்கள். ஒரு நூல் கடைக்குப் பில் செயலி எழுதியபோது, என் ஐந்தில் மூன்று பார்ட்டி நிலுவை பற்றியவை. தேதிவாரியாக மீதி ஏறி இறங்குவதைக் காட்ட விண்டோ ஃபங்ஷன் (ஒவ்வொரு வரியிலும் அதுவரையிலான கூட்டுத்தொகையைக் காட்ட உதவும் எஸ்கியூஎல் வசதி) வேண்டும். அதை எழுத வளைந்து கொடுக்காத கருவிகளை அன்றே ஒதுக்கினேன். கடைசியில் மிஞ்சியது எஸ்கியூஎல்ஆல்கெமி என்ற பைதான் கருவி.

அதில் இரண்டு அடுக்கு உண்டு: கீழே எஸ்கியூஎல்லுக்கு நெருக்கமாக எழுதும் கோர், மேலே ஓஆர்எம். பில் சேர்க்க, திருத்த ஓஆர்எம் போதும். நிலுவை அறிக்கையைக் கோரில் எழுதினேன். இரண்டும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடும், எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. ஒரு எச்சரிக்கை: இது 2006 முதல் இருக்கும் கருவி, 2023 ஜனவரியில்தான் 2.0 வந்தது. 'செஷன்.குவெரி' என்று தொடங்கும் பழைய உதாரணங்களைத் தவிர்த்து, 'செலக்ட்' என்று தொடங்குபவற்றைப் பின்பற்றுங்கள். எஸ்கியூஎல்மாடல் என்ற கருவி பிடித்திருந்தால் தாராளமாக எடுக்கலாம், அதற்கும் அடித்தளம் எஸ்கியூஎல்ஆல்கெமிதான்.

அடுத்து டிரைவர், அதாவது பைதானை டேட்டாபேஸோடு இணைக்கும் லைப்ரரி. உங்கள் ரூட்டுகள் (ஒவ்வொரு யூஆர்எல்லுக்கும் பதில் தரும் ஃபங்ஷன்கள்) சாதாரண 'டெஃப்'பா, 'அசிங்க் டெஃப்'பா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 'டெஃப்' என்றால் ஃபாஸ்ட்ஏபிஐ அதைத் தனி த்ரெட்டில் ஓட்டும். இயல்பாக 40 த்ரெட் வரை. 'அசிங்க் டெஃப்' என்று எழுதி உள்ளே சாதாரண டிரைவரைக் கூப்பிட்டால், அந்தக் குவெரி முடியும்வரை அதே வொர்க்கரில் (செயலியை ஓட்டும் ப்ராசஸ்) இருக்கும் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். நூல் கடையில் அதுதான் நடந்தது. மாதக் கடைசியில் ஒருவர் அறிக்கை எடுத்தால், கவுன்ட்டரில் பில் போடுபவரின் திரை அப்படியே நின்றுவிடும். இன்டெக்ஸ் போட்டுப் போட்டு இரண்டு நாள் தேடினேன். ரூட்டில் 'அசிங்க்' என்ற ஒரு சொல்லை எடுத்ததும் சரியாயிற்று.

போஸ்ட்கிரெஸுக்கு நான் சைகாப்ஜி 3 எடுப்பேன். இரண்டு வழியிலும் ஓடும், பின்னால் மனம் மாறினாலும் டிரைவரை மாற்ற வேண்டாம். முழுக்க அசிங்க்தான், வேகம் முக்கியம் என்றால் அசிங்க்பிஜி நல்லது.

ஓஆர்எம் எழுதியதும் என்ஜினில் (டேட்டாபேஸ் இணைப்பை அமைக்கும் இடம்) 'எக்கோ'வை ஆன் செய்து, ஓடும் எஸ்கியூஎல்லை ஒருமுறை கண்ணால் படியுங்கள். 50 பில் உள்ள பட்டியலில் பார்ட்டி பெயரையும் காட்டினால், ஒவ்வொரு பில்லுக்கும் வேறு பார்ட்டி என்றால் 51 குவெரி ஓடும்: பட்டியலுக்கு ஒன்று, பார்ட்டிகளுக்கு 50. பார்ட்டிகள் அனைவரையும் ஒரே குவெரியில் எடுக்கும் 'செலக்ட்இன்லோட்' சேர்த்தால் இரண்டே. அசிங்கில் இப்படி ஒளிந்து ஓட முடியாது, பிழை காட்டி நின்றுவிடும்.

கனெக்‌ஷன் கணக்கையும் போட்டுவிடுங்கள். எஸ்கியூஎல்ஆல்கெமியின் பூல் (தயாராகத் திறந்து வைக்கும் கனெக்‌ஷன்கள்) இயல்பாக 5, நெருக்கடியில் கூடுதலாக 10, ஆக ஒரு வொர்க்கருக்கு 15 வரை. நான்கு வொர்க்கர் என்றால் 60. இரண்டு சர்வர் வைத்தால் 120. போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்போ 100. பூலைக் குறையுங்கள், அல்லது கனெக்‌ஷன்களைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரை நடுவில் வையுங்கள்.

டேபிள் மாற்றங்களுக்கு அலெம்பிக் என்ற கருவி. ஆனால் அது தானாக எழுதித் தரும் ஃபைலைப் படிக்காமல் ஓட்டாதீர்கள். டேபிளில் ஒரு நெடுவரிசையின் (காலம்) பெயரை மாற்றினால், பழையதை நீக்கிப் புதியதைச் சேர்ப்பதாகவே அது எழுதும். அப்படியே ஓட்டினால் அந்த நெடுவரிசையில் இருந்த தரவு போய்விடும். அந்த இரண்டு வரிகளையும் அழித்துவிட்டு, 'ஆல்டர் காலம்' கட்டளையில் புதுப் பெயரைக் கையால் எழுதுங்கள்.