மலையில் மழை மாதம், வீட்டில் இரண்டு வாண்டுகள்: வெயில் வரும் ஒன்றரை மணி நேரத்தை வைத்துச் சமாளிப்பது எப்படி

நான் பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகிக் குன்னூருக்கு வந்தது ஒரு மே மாதம். சிம்ஸ் பார்க்கில் பழக்கண்காட்சி, கழுத்தில் இதமாக வெயில், மத்தியானம்கூட ஃபேன் தேவையில்லை. "இந்த ஊர்ல புள்ள வளக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும் கண்ணு" என்று சொல்லிவிட்டு அம்மா பஸ் ஏறிப் போனார். அப்புறம் ஐப்பசி வந்தது.

ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஆடி மழை என்றால், கிழக்குச் சரிவில் இருக்கிற குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் அடைமழை. இப்போது மூத்தவள் யூகேஜி, சின்னவனுக்கு ஒன்றரை வயது. இத்தனை மழைக்காலம் பார்த்தபின் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுவிடலாம், ஈரத்துக்கு எதைப் போடுவது? துணி, சுவர், மெத்தை, உப்பு டப்பா, பிள்ளையின் மூக்கு, எல்லாமே ஈரம். அந்த ஈரத்தை விரட்ட நமக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேர வெயில், அதுவும் வந்தால். எங்கள் வீட்டுப் பக்கம் பத்தரைக்கு எட்டிப் பார்க்கும், பன்னிரண்டுக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்து மூடிவிடும். அதனால் அன்றைய நாளுக்குக் காலையிலிருந்து திட்டம் போடாதீர்கள், வெயில் நேரத்திலிருந்து முன்னும் பின்னுமாகப் போடுங்கள். சமையல், பாத்திரம், பெருக்குவது எல்லாம் அதற்கு முன்னாலோ பின்னாலோ நடக்கட்டும். அந்த நேரத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு நின்றால் அன்றைய நாள் போச்சு.

முதலில் துணி. மழை நாளில் ஒரு துவாலை காய நாலு நாள் ஆகும், காய்ந்த பிறகும் ஒரு முடை நாற்றம் போகாது. துவைக்கிற துணியைக் குறைப்பதுதான் பாதி வேலை. சின்னவனின் ஸ்வெட்டரில் எப்போதும் அழுக்காவது கழுத்தும் கைநுனியும்தான், எனவே கழுத்துக்கு ஒரு சின்னத் துண்டு, கைக்குப் பழைய சாக்ஸ். சாக்ஸின் விரல் பக்கத்தை வெட்டிவிட்டு ஸ்வெட்டர் கையின்மேல் உறை மாதிரி மாட்டிவிடுங்கள். ரசம் சாதம், மூக்குச்சளி, செம்மண் எல்லாம் அதன்மேல் விழும், சாக்ஸை மட்டும் கழற்றித் துவைத்தால் போதும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், விருந்தாளி வந்தால் கழற்றிவிடலாம். துவைத்ததைக் கடைசியில் ஒருமுறை வெந்நீரில் அலசிப் பிழிந்தால் நாற்றம் பாதி குறைகிறது. வெயில் வந்ததும் கொடியில் முதலிடம் உடம்போடு ஒட்டுகிற துணிக்கு: ஜட்டி, பனியன், தூளிச் சேலை. ஜீன்ஸும் பெட்ஷீட்டும் வரிசையில் நிற்கட்டும். மிச்ச நேரத்துக்கு அடுப்படியில் ஒரு கொடி கட்டுங்கள், அடுப்புக்கு நேர்மேலே வேண்டாம், எட்டிக் கட்டுங்கள். ஒரு துணிக்கும் இன்னொரு துணிக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால்தான் ஈரம் வெளியே போகும். கடைசியில் இஸ்திரிப் பெட்டி. மூத்தவளின் யூனிஃபார்மை எத்தனையோ நாள் காலை ஏழு மணிக்குத் தேய்த்தே காய வைத்திருக்கிறேன்.

டயப்பர் பற்றி எங்கள் வீட்டில் பெரிய பட்டிமன்றமே நடந்தது. அத்தைக்குப் பழைய வேட்டித் துணிதான் துணி, மற்றதெல்லாம் சோம்பேறித்தனம். கடைசியில் பகலுக்கு வேட்டித் துணி, ராத்திரிக்கு டயப்பர் என்று சமாதானம் ஆனது. குளிரில் பிள்ளைகள் அடிக்கடி போகும், ராத்திரி நாலு தடவை ஈரத்தில் எழுந்தால் பிள்ளையும் தூங்காது, மறுநாள் நீங்களும் மனுஷியாக இருக்க மாட்டீர்கள். ஆனால் அழுக்கு டயப்பரை மூடியில்லாத தொட்டியில் போடாதீர்கள். குரங்கும் நாயும் இழுத்துக் கொண்டுபோய்த் தெருவெல்லாம் கடை பரப்பிவிடும். எங்கள் தெருவில் ஒருமுறை அப்படி நடந்தது, யார் வீட்டு டயப்பர் என்று ஊருக்கே தெரிந்தது.

குளிப்பாட்டுவதும் அந்த வெயில் நேரத்தில்தான். தினமும் தலைக்கு ஊற்ற வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. மழை நாளில் வெந்நீரில் துணி நனைத்து முகம், கழுத்து மடிப்பு, அக்குள், கால் இடுக்கு துடைத்தால் போதும். குளிப்பாட்டும் நாளில் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். மாற்றி ஊற்றி வைத்தால் நாம் திரும்புவதற்குள் பிள்ளை கையை விட்டுவிடும். முழங்கையால் சூடு பாருங்கள், குளிரில் மரத்துப்போன விரல் பொய் சொல்லும். தேங்காய் எண்ணெய் இங்கே வருஷத்தில் பாதி நாள் வெள்ளைக் கட்டியாகத்தான் இருக்கும், பாட்டிலை வெந்நீரில் நிற்க வைத்து எடுங்கள். வெளியே போகும் முன் கன்னத்தில் அதைத் தடவினால் வெடிப்பு குறையும். சாம்பிராணிப் புகை மட்டும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அத்தைக்கு மனசே கேட்கவில்லை, இப்போது புகையைச் சாமி அறையோடு நிறுத்திக்கொண்டார்.

எத்தனை உடுப்பு போடுவது? மலைக்கு வரும் தாத்தா பாட்டிகள் பிள்ளையை மூட்டை கட்டிவிடுவார்கள். கை, கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், பிள்ளைகளுக்கு அது எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரிக்குக் கீழே, முதுகில் கை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள், ஏனென்றால் அந்த வியர்வை குளிர்ந்தால் உடம்பும் குளிர்ந்துபோகும். கைக்குழந்தையைத் தூங்க வைக்கும்போது குல்லாவைக் கழற்றிவிடுங்கள்.

இனி வருகிற இரண்டையும் தயவுசெய்து வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். ஒன்று, கரி அடுப்பு. குளிர் தாங்காமல் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கணப்பு போட்டுத் தூங்குவது உயிரைப் பறிக்கும். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, கண்ணும் எரியாது, தூக்கம் மாதிரியே வரும். படுக்கிற அறையில் கணப்பு வேண்டவே வேண்டாம். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசரும் அதே கதைதான். இரண்டு, நம்ம ஊர் நீலகிரித் தைலம். வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் நாமே வாங்கிக் கொடுக்கிறோம், ஆனால் சின்னக் குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ தடவக் கூடாது. கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு, மயக்கம் வரை போகும். சின்னவன் ஒருநாள் பாட்டில் மூடியைக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த அன்றிலிருந்து அது பரண்மேல் ஏறிவிட்டது. கற்பூரத்துக்கும் அதே இடம்தான். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். நாலு வயதுக்குள் சளி, இருமல் சிரப்பை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ விலா உள்ளே இழுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.

சாப்பாட்டில் மலைக்கென்று சில வித்தைகள் உண்டு. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் இங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் கீழே மூன்று விசிலில் குழைந்த பருப்பு இங்கே நறுக்கென்று நிற்கும். பல் முளைக்காத பிள்ளைக்கு என்றால் இரண்டு விசில் கூட விடுங்கள். இட்லி மாவு பொங்கவே பொங்காது. வெந்நீர் ஊற்றிய அகலப் பாத்திரத்துக்குள் மாவுப் பாத்திரத்தை வைத்து, மேலே கம்பளி சுற்றி, அடுப்போரம் ஓரங்கட்டுவேன். எங்கள் வீட்டில் கம்பளி முதலில் மாவுக்கு, அப்புறம்தான் மனுஷருக்கு. பக்கத்துக் கேத்திப் பள்ளத்தாக்குக் கேரட் எவ்வளவு இனித்தாலும் சின்னப் பிள்ளைக்குப் பச்சையாக வட்ட வட்டமாக வெட்டித் தராதீர்கள், தொண்டையில் சிக்கும். வேக வைத்தோ துருவியோ கொடுங்கள். அப்புறம் வர்க்கி, தொட்டாலே உதிரும் எங்கள் மலை அடுக்கு பிஸ்கட். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊட்டி வர்க்கிக்கு இருக்கும் எல்லாப் பெருமையையும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு வர்க்கியை ஒன்றரை வயதுக்காரன் கையில் கொடுத்தால் அது மெத்தை, தலைமுடி, என் பிளவுஸுக்குள் என்று முந்நூறு துண்டாகிறது. தரையில் பேப்பர் விரித்து அதன்மேல் உட்கார வைத்துக் கொடுங்கள். எழுந்து ஓடத்தான் செய்வான், இருந்தாலும் பாதியாவது பேப்பரில் விழும்.

மழை விடுமுறைக்குத் தனியாக ஒரு தயார்நிலை வேண்டும். விடிகாலையில் எழுந்து சமைத்து, டப்பா கட்டி, அழுகிற பெண்ணுக்குச் சாக்ஸ் மாட்டி முடிக்கும்போதுதான் கலெக்டர் அறிவிப்பு போனில் வரும்: குன்னூர், கோத்தகிரி தாலுகா பள்ளிகளுக்கு இன்று விடுமுறை. முதல் வருஷம் உட்கார்ந்து அழுதேன். இப்போது டப்பாவைப் பிரிப்பதே இல்லை. ஒன்பது மணிக்கு அடுப்படிக் கொடிக்குக் கீழே, தொங்குகிற துணிகள்தான் சுவர் என்று வைத்துக்கொண்டு, பாய் விரித்து இரண்டும் அதே டப்பாவில் சாப்பிடும். அது 'ஸ்கூல்'. மூத்தவள் மிஸ். தம்பி ஒரு எழுத்தும் எழுதாமல் தினமும் ஃபெயில் ஆகிறான். அந்த ஸ்கூல் ஓடுகிற நாற்பது நிமிஷத்தில் நான் சூடாக ஒரு டீ குடிப்பேன், நம்புங்கள், பிள்ளை பிறந்த பிறகு சூடாகக் குடித்த டீயெல்லாம் விடுமுறை நாளில் குடித்ததுதான்.

வெயில் நேரத்தில் வெளியே விடும்போது இரண்டு விஷயம். கையில் தின்பண்டம் இருக்கக் கூடாது, குரங்கு பிடுங்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். வெறிநாய்க்கடி மருந்துக்காகவே 1907ல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு மஞ்சள் வைத்துக்கட்டிக் காத்திருக்கக் கூடாது. காட்டெருமை வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுங்கள். விரட்டுவது, கல் எறிவது, போட்டோ எடுப்பது எதுவும் வேண்டாம். அது தானாகப் போகும், போகிற வரை வேன் வராது, அவ்வளவுதான்.

கீழே போகும் பயணம் பெரிய சோதனை. மேட்டுப்பாளையத்துக்கு 14 கொண்டை ஊசி வளைவு, எங்கள் மகள் சராசரியாக ஆறாவதில் வாந்தி எடுப்பாள். இரண்டு வயதுக்குள் இந்தத் தலைசுற்றல் பெரும்பாலும் வருவதில்லை, சின்னவன் அழுவது காது அடைப்பதால். இறங்கும்போது பால் கொடுங்கள், இல்லையென்றால் தண்ணீரை உறிஞ்ச விடுங்கள், விழுங்க விழுங்கக் காது திறக்கும். பெரிய பிள்ளைக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் ஓர் இட்லி, பால் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். போனைக் கையில் கொடுக்காமல் முன்கண்ணாடி வழியே ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, அவசரத்துக்குக் கடையிலும் கேட்க முடியாது, அதனால் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்றை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி வராது, சும்மா இருக்கட்டும் என்று நினைத்து எடுத்துப்போன முதல் தடவையே அது வேலை செய்தது. அந்தத் தூக்கில் எங்கள் வீட்டில் இனி யாரும் சாம்பார் கொண்டுபோவதில்லை.

புரட்டாசி முடிவதற்குள் வாங்கி வைக்க வேண்டியவை: உப்புநீர்ச் சொட்டு, ஓ.ஆர்.எஸ் பாக்கெட், டார்ச், மெழுகுவர்த்தி, கரண்டில்லாத நாலு நாளுக்கான பால் பவுடர், கொடிக்கு இன்னும் பத்து கிளிப், ஒரு சைஸ் பெரிய ரப்பர் பூட்ஸ். பூட்ஸை ராத்திரி வாசலில் விடாமல் அடுப்படியில் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள், காலையில் மாட்டும் முன் நன்றாகத் தட்டுங்கள். பூரான், அட்டை எது வேண்டுமானாலும் இருக்கலாம். போன வாரம் மூத்தவளின் பூட்ஸிலிருந்து விழுந்தது அரை வர்க்கியும் ஒரு ஸ்பூனும், நான் மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்த ஸ்பூன்.