உங்களுக்கு எத்தனை சைக்கிள் தேவை? கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) டீக்கடை ஓரமாக நிற்கும்போது, புதிதாக ஓட்ட வந்தவர்கள் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, ஹைபிரிட் வச்சிருக்கேன், அடுத்து ரோடு பைக் வாங்கலாமா?" ஹைபிரிட் என்பது நேரான ஹேண்டில்பார் வைத்த பொது உபயோக வண்டி, ரோடு பைக் என்பது வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் கொண்ட வேக வண்டி. சுற்றி நிற்பவர்கள் உடனே வாங்கச் சொல்லிவிடுவார்கள். இப்போது இருப்பதைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்று சைக்கிள்காரர்கள் நடுவே உலகம் முழுக்க ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு காலத்தில் என் வீட்டிலும் நான்கு நின்றன. இப்போது இரண்டு. அந்த இரண்டுக்கு வந்து சேர்ந்த வழியைத்தான் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: போன இடங்களை எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, கடந்த இரண்டு மாதத்தில் சைக்கிளில் போன இடங்களை எழுதுங்கள். போக ஆசைப்படும் இடங்கள் இதில் வரக்கூடாது. எங்கே போனேன், எத்தனை கிலோமீட்டர், என்ன சாமான் கொண்டுபோனேன், போன இடத்தில் வண்டியை எங்கே நிறுத்தினேன் என்று நான்கு பத்தி போதும். கடைசிப் பத்தியை யாரும் யோசிப்பதில்லை. ஆனால் பாதி முடிவை அதுதான் எடுக்கிறது.

நான் முதன்முதலில் எழுதிய பக்கம் இன்னும் இருக்கிறது. வேளச்சேரி ஸ்டேஷனுக்கு 38 தடவை, காய்கறி மளிகைக்கு 14, முட்டுக்காடு வரை 7, ஏலகிரி 1. மண் பாதை என்ற வரிக்கு நேராகப் பூஜ்யம். மண் பாதைக்கென்றே வாங்கிய எம்டிபி (மவுண்டன் பைக்) ஒன்று அப்போது பால்கனியில் நின்றுகொண்டிருந்தது.

படி 2: ஒரே வண்டியில் முடிகிறவற்றைச் சேருங்கள்

ஒவ்வொரு வரியிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த வண்டியை அங்கே பகல் முழுக்கப் பூட்டிவிட்டு நிம்மதியாக வேலை பார்க்க முடியுமா? இதே வண்டியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஓட்ட முடியுமா?

ஸ்டேஷனும் மார்க்கெட்டும் ஒரே கூட்டத்தில் சேர்ந்துவிடும். இதற்குக் கேரியர், மட்கார்டு, சைடு ஸ்டாண்டு, நல்ல பூட்டு வேண்டும். 28 இஞ்ச் கறுப்பு வண்டி இருந்தால் தாராளமாகப் போதும். 20 கிலோவை ஒட்டிய எடை ஆயிற்றே என்று தயங்க வேண்டாம், மூன்று கிலோமீட்டரில் அது ஒரு பாரமே இல்லை. முட்டுக்காடும் ஏலகிரியும் இன்னொரு கூட்டம். பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டு கூட்டத்திலேயே நோட்டு முடிந்துவிடும். எல்லாமே ஒரே கூட்டத்தில் அடங்கினால் ஒரு சைக்கிள் போதும், அதில் குறை ஒன்றும் இல்லை.

படி 3: இருக்கிற வண்டியை மாற்றிப் பாருங்கள்

புது வண்டி வேண்டும் என்று தோன்றும்போது பல சமயம் நமக்குத் தேவைப்படுவது வேறு டயர்தான். இதைப் புதியவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் நீண்ட நாள் ஆதங்கம்.

டயரின் பக்கவாட்டில் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். 32-622 என்பதுபோல ஒரு எண் பொறித்திருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, டயர் போய் உட்காரும் ரிம்மின் விட்டம். ரோடு பைக், ஹைபிரிட் இரண்டிலும் பெரும்பாலும் 622 இருக்கும். 29 இஞ்ச் எம்டிபிக்கும் அதே 622தான். 27.5 இஞ்ச் என்றால் 584, 26 இஞ்ச் எம்டிபி என்றால் 559. நம்மூர் 28 இஞ்ச் வண்டிக்கு 635. இரண்டாவது எண் ஒத்துப்போக வேண்டும், முதல் எண்ணை ஓரளவு கூட்டலாம், குறைக்கலாம். கூட்டும்போது டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் நாலைந்து மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். குறைக்கும்போது ரிம்மின் உள் அகலம் இடம் கொடுக்கிறதா என்று கடையில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

26 இஞ்ச் எம்டிபியில் முள்ளு டயரைக் கழற்றிவிட்டு ஒன்றரை இஞ்ச் வழுவழு டயர் போட்டு ஓட்டிப் பாருங்கள். தார் ரோட்டில் அந்த 'உர்ர்ர்' சத்தம் அடங்கிவிடும், அதே மிதிக்கு வண்டி இன்னும் தூரம் போகும். ஹைபிரிட்டில் 38க்குப் பதில் 32 போட்டால் ஈசிஆர் காலைகளுக்கு அதுவே போதுமானது.

மலைக்குத் தனி வண்டி வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். கியர் பல்லை எண்ணினால் பதில் கிடைத்துவிடும். முன்னால் 34 பல், பின்னால் பெரியது 28 பல் உள்ள ரோடு பைக்கில், பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் 1.21 சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர், ஆகவே வண்டி இரண்டரை மீட்டர் நகரும். முன்னால் 28, பின்னால் 34 உள்ள ஹைபிரிட்டில் ஒரு சுற்றுக்கு 1.7 மீட்டர்தான். மெதுவாகப் போகும், ஆனால் முழங்கால் தப்பிக்கும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை அந்த ஹைபிரிட் அலட்டாமல் ஏறிவிடும். கொல்லிமலையின் 70 வளைவுக்கும் எனக்கு அப்படிப்பட்ட கியர்தான் வேண்டும். ரோடு பைக் வைத்திருப்பவர்கள் பின் கேசட்டை (பின் சக்கரத்தின் பல்சக்கர அடுக்கை) 32 பல்லுக்கு மாற்ற முடியுமா என்று மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள்.

நீண்ட தூரத்துக்கும் இதே கதைதான். பிரவே என்பது குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் பயணம், அது போட்டி அல்ல. 200 கிலோமீட்டர் பிரவேக்குக் கொடுக்கும் நேரம் 13.5 மணி. சாப்பாடு, பஞ்சர் எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் வைத்தால் முடித்துவிடலாம். ஹைபிரிட்டில் முடித்தவர்கள் ஏராளம். 300, 400, 600 என்று போகிற ஆசை வந்து, அந்த ஆசையும் ஒரு வருடம் தாக்குப்பிடித்தால், அப்போது ரோடு பைக் வாங்குவது நியாயமான செலவு.

படி 4: பராமரிக்க நேரம் இருக்கிறதா?

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

அந்த எம்டிபி இரண்டு மழைக்காலம் பால்கனியில் நின்றது. ஒருநாள் எடுத்துத் துடைத்தேன். செயின் செங்கல் நிறத்தில் இருந்தது, கண்ணிகள் மடங்க மறுத்தன. காற்று இறங்கிய டயர், தரையில் மடிந்து நின்ற இடத்தில் பக்கவாட்டில் பிளந்திருந்தது. பெடலைத் திருப்பினால் பின் ஃப்ரீவீல் கரகரத்து நின்றது. எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணன் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஓடுற வண்டி கெடாது தம்பி, நிறுத்துனாத்தான் கெடும்" என்றார். ஓவராயில், செயின், இரண்டு டயர், டியூப் என்று நல்ல தொகை ஆனது. ஒருநாள் கூட ஓட்டாத வண்டிக்கு இவ்வளவு செலவா என்று நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருந்தது.

ஒரு சைக்கிளுக்கு வாரம் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். காற்றைப் பாருங்கள், செயினைப் பழைய துணியால் துடைத்து ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், பிரேக் கட்டையைப் பாருங்கள். கடற்காற்றில் போய்வந்த அன்றைக்கே துடைத்துவிடுவது நல்லது. மாதம் ஒருமுறை செயினை இரும்பு ஸ்கேலால் அளங்கள். ஒரு வெளிக் கண்ணி, ஒரு உள் கண்ணி சேர்ந்தது ஒரு இஞ்ச். அப்படி 12 ஜோடி எண்ணி, முதல் ஊசியின் நடுவில் சைபரை வைத்தால், கடைசி ஊசியின் நடு சரியாக 12 இஞ்ச்சில் வர வேண்டும். அரை நூல் (ஒரு நூல் என்பது இஞ்ச்சில் எட்டில் ஒரு பங்கு) தள்ளியிருந்தால் செயினை மாற்றும் நேரம். ஒரு நூல் வரை விட்டுவிட்டால் கேசட் பல்லையும் சேர்த்துத் தின்றிருக்கும்.

நான்கு சைக்கிள் என்றால் வாரம் ஒரு மணி நேரம். அந்த நேரம் உங்களிடம் நிஜமாக இருக்கிறதா என்று நோட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

படி 5: இடமும் வீட்டாரும்

நீளம் ஆறடி, ஹேண்டில்பார் அகலம் இரண்டடி. தரையில் சாக்பீஸால் வரைந்து பாருங்கள். மாடிப்படிக்கட்டின் கீழே நிறுத்துவதானால் கீழ்வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது ஓட்டுவார்களா என்றும் பாருங்கள். என் மனைவி ஓட்டத் தொடங்கியதும், சீட்டை இறக்கினால் இருவருக்கும் பொருந்துகிற தாழ்வான ஃபிரேம் வண்டியாக மார்க்கெட் சைக்கிளை மாற்றினோம். அதற்குப் பிறகு அது ஒருநாள் கூடச் சும்மா நிற்பதில்லை.

படி 6: எண்ணை எழுதுங்கள்

சரி, இப்போது கணக்கு. படி 2இல் எத்தனை கூட்டம் வந்தது? அதில் டயர், கேசட் மாற்றினால் தீர்ந்துவிடுகிறவற்றைக் கழியுங்கள். மாதம் இரண்டு தடவைக்கும் குறைவாக வருகிறவற்றையும் கழியுங்கள். அவற்றுக்கு நண்பரிடம் இரவல் வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம். மிஞ்சுவதுதான் உங்கள் எண். எனக்கு இரண்டு வந்தது. போட்டிகளில் ஓடுகிறவருக்கு மூன்று வரலாம், அதுவும் சரிதான், நோட்டில் அதற்கான வரிகள் இருந்தால்.

எண்ணைவிடக் கூடுதலாக வண்டி இருந்தால் மழை தொடங்குவதற்குள் கைமாற்றிவிடுங்கள். என் எம்டிபியைப் பக்கத்துத் தெருவில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனுக்குக் கொடுத்தேன். தினமும் டியூஷனுக்கு அதில்தான் போகிறான், அந்த வழுவழு டயர்களோடு.

புதிதாக வாங்கினால் பூட்டு, ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, கைப் பம்பு ஆகியவற்றுக்கான பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியில் வண்டியைத் தேடுங்கள். அப்புறம், வண்டியைக் கவிழ்த்து, இரண்டு பெடலையும் இணைக்கும் அச்சுக்குக் கீழே ஃபிரேமில் பொறித்திருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.