பிரித்துப் போட்ட பழைய காரை விற்கும்போது செய்யும் தவறுகள்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய காரைப் பிரிப்பது சுலபம். பானெட்டும் முன்பக்க மட்கார்டுகளும் ஒரே துண்டு. மொத்தமாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். சேஸிஸ் என்ற அடிச்சட்டம் தனி, அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். ஸ்பேனர் செட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் முழுக் காரையும் ஷெட்டில் பரப்பிவிடலாம். என்னிடம் இருந்த இரண்டு கதவு ஹெரால்டை நான் அப்படித்தான் பரப்பினேன். திரும்பச் சேர்க்கத்தான் ஆள், நேரம், பணம் மூன்றும் ஒரே சமயத்தில் அமையவில்லை. ஏழு வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்துவிட்டு ஒருநாள் லாரி ஏறிப் போனது.

அதற்குள் நாலு பேர் வந்து பார்த்தார்கள். நாலு பேரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "இன்னும் என்னென்ன பாக்கி சார்?" நானோ முடித்த வேலையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என்ஜின் போர் பண்ணியாச்சு, ரேடியேட்டர் கோர் மாத்தியாச்சு, வீல் சிலிண்டர் புதுசு என்று. முதல் மூன்று பேரும் டீ குடித்துவிட்டு "போன் பண்றேன்" என்று போனவர்கள்தான். நாலாவது ஆளிடம் பாக்கி வேலையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கே பேச்சு முடிந்தது.

பில் ஃபைலைக் கூட்டி விலை வைப்பது

வாங்கிய விலை, டிங்கரிங் கூலி, லேத் செலவு, இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ரப்பர் செட், அதற்குக் கட்டிய கஸ்டம்ஸ் டூட்டி எல்லாவற்றையும் கூட்டி, மேலே கொஞ்சம் போட்டு ஒரு விலை சொல்கிறோம். வாங்க வருகிறவருக்கு அந்தக் கூட்டலில் எந்த அக்கறையும் கிடையாது. அவர் வேறு கணக்கோடு வருகிறார். நீங்களும் அதையே போட்டுப் பாருங்கள்.

அதே மாடல் முழுசாக முடிந்து, பேப்பர் சுத்தமாக, ஓடுகிற நிலையில் என்ன விலைக்குக் கைமாறுகிறது? கவனியுங்கள், விளம்பரத்தில் சொல்கிற விலை வேறு, கைமாறுகிற விலை வேறு. உதாரணத்துக்கு 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மிச்ச வேலைக்கு இன்றைய கூலியில் 3.5 லட்சம் ஆகும் என்றால் மீதி 2.5 லட்சம். அதையும் முழுசாகத் தரமாட்டார். பிரித்த வண்டியில் எந்த மூலையிலிருந்து என்ன பூதம் கிளம்புமோ தெரியாது, ஒன்றரை வருஷம் ஒர்க்‌ஷாப்புக்கு அலைய வேண்டும். ஆக ஒன்றரையில் ஆரம்பித்து இரண்டுக்குள் நிற்பார். அது அடிமாட்டு விலை இல்லை, நியாயமான விலைதான். எனக்கு இது புரிய மூன்று டீ செலவாகியது.

சில கார்களுக்கு இந்தக் கணக்கு மைனஸில் போய் நிற்கும். பிரீமியர் பத்மினியின் பிற்கால மாடல்களுக்கு அப்படி ஆவது சகஜம். ஓடுகிற நல்ல பத்மினியே தேடினால் கிடைக்கும்போது, பிரித்துப் போட்டதற்கு யார் மெனக்கெடுவார்கள்? அப்படி வந்தால் உதிரி பாக விலைதான் என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு வசனம் உண்டு: "இன்னும் ஐம்பதாயிரம் போட்டா ரோட்ல ஓடும்." தயவுசெய்து சொல்லாதீர்கள். அவ்வளவுதான் பாக்கி என்றால் நீங்களே ஏன் போடவில்லை என்று எதிரில் இருப்பவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

இல்லாத சாமானை எல்லாம் ஒரே மாதிரி நினைப்பது

"சின்னச் சின்ன சாமான்தான் இல்லை" என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். எது இல்லை என்பதில்தான் விலையே இருக்கிறது.

ஹெரால்டு பிரிட்டனின் டிரையம்ப் நிறுவனம் 1959-இல் கொண்டுவந்த கார். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்தது. இங்கே சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்தது. டிரையம்ப் கார்களுக்குப் பிரிட்டனில் இன்றைக்கும் புது உதிரி பாகம் போட்டு விற்கிறார்கள். அதனால் கேஸ்கெட், பிரேக் ரப்பர், சஸ்பென்ஷன் புஷ் இல்லையென்றால் அது பணப் பிரச்சினை மட்டும்தான். ஆனால் நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. அதன் பின் கதவோ பின் கதவுக் கண்ணாடியோ தொலைந்திருந்தால் இங்கிலாந்தில் தேடிப் பயனில்லை. இன்னொரு செத்த ஹெரால்டைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஃபியட் 1100 கதை வேறு. அதே 1089 சிசி என்ஜின்தான் பத்மினி வரை வந்தது. பத்மினி மும்பை டாக்ஸியாகவே 2023 வரை ஓடியதால் மெக்கானிக்கல் சாமான் ஒரு மாதிரி கிடைத்துவிடும். கிடைக்காதது பழைய மாடல்களின் கிரில், பீடிங், பெயர் பொறித்த மோனோகிராம், ஸ்டியரிங் நடுவில் இருக்கும் ஹார்ன் பட்டன் போன்றவை. சென்னையின் பழைய உதிரி பாகச் சந்தையான புதுப்பேட்டையில் நாலு நாள் அலைந்தும் ஒரு மோனோகிராம் கிடைக்காமல் திரும்பியவர்களைத் தெரியும். அதே தெருவில் கியர்பாக்ஸ் அரை மணியில் கிடைத்தது.

அதனால் பட்டியலை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: இல்லாதவற்றில் காசு கொடுத்தால் கிடைப்பவை ஒரு பக்கம், தேடி அலைய வேண்டியவை இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கம் காலியாக இருந்தால் அதை உரக்கச் சொல்லலாம், விலை நிற்கும்.

இதையொட்டி இன்னொரு தவறு. கைச் செலவுக்கு ஹெட்லைட் ரிம், டேஷ்போர்டு மீட்டர், குரோம் பம்பர் என்று நல்ல சாமானாகப் பார்த்து ஒவ்வொன்றாக விற்பது. சேர்ந்து வருகிற பணம் சொற்பம். மிஞ்சிய கூட்டைக் காயலான் கடைக்காரர்தான் எடுப்பார், அதுவும் கிலோ கணக்கில்.

விற்பதற்காகப் பெயின்ட் அடிப்பது

பார்க்க நன்றாக இருந்தால் விலை ஏறும் என்று அவசரத்துக்கு ஒரு கோட் அடித்து நிறுத்துவார்கள். பழைய கார் வாங்குகிறவர் பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். தகட்டில் ஒட்டினால் சரி. வழுக்கினால் உள்ளே பட்டி, அதாவது ஓட்டையையும் பள்ளத்தையும் அடைக்கும் பசை. ஒரு இடத்தில் வழுக்கினால் போதும், வண்டி முழுக்கப் பட்டி என்றே கணக்குப் போடுவார். புதுப் பெயின்ட் அவருக்கு மறைப்பாகத்தான் தெரியும். பூசி மெழுகாமல் துருவைத் துருவாகவே காட்டுவது உங்களுக்கும் லாபம், பெயின்ட் செலவு மிச்சம்.

பிரைமர் அடித்து அப்படியே வருஷக்கணக்கில் விடுவதும் இதே ரகம். சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு மழைக்காலம் போனால் மேலே சாம்பல் நிறம் அப்படியே இருக்கும், அடியில் துரு பரவியிருக்கும்.

என் வண்டியைக் கடைசியில் வாங்கியவர் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. தரையில் கோணியை விரித்துப் படுத்தார். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், அவுட்ரிகர் என்பார்கள், அவற்றை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டித் தட்டிக் கேட்டார். டங் என்றால் நல்ல இரும்பு, பொத் என்றால் மாற்ற வேண்டும். ஹெரால்டில் முதலில் உளுத்துப்போகும் இடம் அதுதான். பிறகு முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, "டிரனியனுக்கு என்ன போட்டீங்க?" என்றார். முன் சக்கரம் திரும்பும் அந்த மூட்டுக்குக் கியர் ஆயில்தான் போட வேண்டும். எல்லா மெக்கானிக்கும் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள், உள்ளே அடைத்துக்கொண்டு மரை தேய்ந்துவிடும். "கிரீஸ்தான் அடிச்சிருக்கு" என்று உண்மையைச் சொன்னேன். தாளில் ஒரு வரி கூடியது, அவ்வளவுதான். மற்ற பதில்களை அதன் பிறகு அவர் நம்பினார் என்றே நினைக்கிறேன்.

எல்லா நட்டையும் ஒரே டப்பாவில் போடுவது

ஹெரால்டின் மரைகள் அங்குலக் கணக்கு. பக்கத்து ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் போல்ட் சேராது. ஒரு டப்பா போல்ட்டைத் தொலைத்தால் அதுவே தனிச் செலவு. ஃபியட் என்றால் மில்லிமீட்டர்தான், கொஞ்சம் தப்பிக்கலாம். ஆள் வருவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, சாமான் எல்லாவற்றையும் தரையில் வரிசையாக அடுக்கிப் படம் எடுங்கள். முன் சஸ்பென்ஷன், கதவு, ஒயரிங் என்று தனித்தனிப் பையில் போட்டுச் சீட்டு கட்டுங்கள். பிரிக்கும்போது எடுத்த போட்டோ போனில் எங்காவது இருந்தால் அதையும் கொடுங்கள். அடுத்தவர் சேர்க்கும்போது அதுதான் அவருக்கு வரைபடம்.

நாலு சக்கரமும் உருளுகிற நிலையில் வண்டி நிற்பது ரொம்ப முக்கியம். டயர் பழசானாலும் பரவாயில்லை, காற்று நின்றால் போதும். தள்ளி லாரியில் ஏற்றலாம். உருளாத வண்டிக்குக் கிரேன் செலவை உங்கள் விலையில்தான் கழிப்பார்.

அப்புறம் என்ஜின். பல வருஷம் கிடந்த என்ஜினை, வருகிறவர் முன்னால் பேட்டரி வைத்து செல்ஃப் அடித்துக் காட்ட முயலாதீர்கள். ரிங் ஒட்டியிருந்தால் அந்த ஒரு நிமிஷத்தில் கெட்டுவிடும். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒருநாள் ஊறவைத்துக் கையால் சுற்றிக் காட்டினால் போதும். போர் பண்ணியிருந்தால், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியிருந்தால், லேத் பில்லைக் கொடுங்கள். எந்த ஓவர்சைஸ் பிஸ்டன் என்பது அதில் இருக்கும்.

பேப்பரைக் கடைசியில் பார்க்கலாம் என்று விடுவது

கையை அதிகம் கடிப்பது இதுதான். பெயின்ட், பட்டி, போல்ட் எல்லாம் பணத்தால் சரியாகும். ஆர்சி எனும் பதிவுச் சான்றிதழில் சிக்கல் என்றால் பல சமயம் ஆகாது.

தனியார் காரின் பதிவு 15 வருஷத்துக்கு. அதன் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வண்டியை நேரில் காட்டித்தான் புதுப்பிக்க முடியும். பிரித்துப் போட்ட வண்டியை எப்படிக் காட்டுவது? பதிவு உயிரோடு இருக்கும்போதே பிரிக்க ஆரம்பித்து, நடுவில் அது காலாவதியாகி, முடியாத வண்டியாலும் காலாவதியான ஆர்சியாலும் ஒருசேர மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். நிலைமை அப்படி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வாங்குகிறவர் அதையும் பாக்கி வேலைகளில் ஒன்றாக எழுதிக்கொள்வார்.

அப்பா பேரில் ஆர்சி இருக்கிறது, அப்பா இல்லை. ரொம்பச் சகஜம். உரிமையாளர் இறந்தால் பெயர் மாற்றக் கொடுக்கும் படிவம் 31, வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றை முடித்து முதலில் உங்கள் பேருக்கு மாற்றுங்கள். விலை பேசிய பிறகு வெளிநாட்டில் இருக்கும் தங்கையின் கையெழுத்துக்குக் காத்திருந்தால், வந்த ஆள் வேறு வண்டி பார்க்கப் போய்விடுவார்.

சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் ஆர்சியில் உள்ளபடி இருக்கின்றனவா என்று நீங்களே விளக்கு அடித்துப் பாருங்கள். டிங்கரிங்காரர் சேஸிஸ் நம்பர் தகட்டைக் கழற்றி எங்கோ வைத்திருப்பார், அல்லது நம்பர் மேலேயே பெயின்ட் அப்பியிருப்பார். தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து வர வேண்டும். பெட்ரோல் ஃபியட்டில் டீசல் என்ஜினை மாற்றி, அதை ஆர்சியில் ஏற்றாமல் விட்டிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

50 வயதைத் தாண்டிய கார் என்றால் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த, சொந்த உபயோகத்துக்கான கார்களை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பர் தகட்டில் 'விஏ' என்ற எழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. "சும்மா கிடக்குதே" என்று கழற்றி வைத்த ஒரிஜினல் என்ஜினுக்கு இப்போது மதிப்பு வந்திருப்பது இதனால்தான். அதைத் தூக்கிப் போடாமல் வண்டியோடு சேர்த்துக் கொடுங்கள்.

விற்ற பிறகு பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது கடைசித் தவறு. தேதி போடாமல், வாங்குகிறவர் பெயர்கூட எழுதாமல் புரோக்கர் கையில் கொடுப்பவர்கள் உண்டு. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓ ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவர் பொறுப்பு. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து நஷ்டஈட்டுக்கும் அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. என்றோ பிரித்துப் போட்ட கார், அடுத்தவர் கையில் ஓட ஆரம்பித்து எங்காவது இடித்தால் கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில்தான்.

மீதியெல்லாம் சில்லறை விஷயம். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றால் மெக்கானிக்குக்குத் தர வேண்டிய பாக்கியை முதலில் தீர்த்துவிடுங்கள், வாங்க வந்தவர் முன்னால் பஞ்சாயத்து வேண்டாம். அட்வான்ஸ் வாங்கினால் எந்தத் தேதிக்குள் எடுப்பார் என்று எழுதி வாங்குங்கள். "அடுத்த மாசம் லாரி அனுப்புறேன்" என்பது அடுத்த வருஷம் வரை இழுக்கும்.

என் ஹெரால்டு போன மறுவாரம் ஷெட்டைப் பெருக்கும்போது பரணில் ஒரு பிஸ்கட் டப்பா அகப்பட்டது. உள்ளே பானெட் கீலின் இரண்டு போல்ட்டும் துணியில் சுற்றிய ஒரு மோனோகிராமும். நான் கொடுத்த தாளில் அந்த மோனோகிராம் "தேடி அலைய வேண்டியவை" பக்கத்தில் இருந்தது. டப்பாவை அப்படியே நூல் சுற்றிக் கட்டிப் பஸ் பார்சலில் போட்டுவிட்டேன்.