லாயா: ஒரு கட்டலான் பெயருக்குப் பொருள் தேடும்போது தவறும் இடங்கள்

முன்னாள் கூடைப்பந்து வீராங்கனை லாயா பாலாவ், பைக் பந்தய வீராங்கனை லாயா சான்ஸ்... விளையாட்டுச் செய்திகளில், ஸ்பெயினின் கட்டலோனியாப் பகுதியில் வைக்கப்படும் இந்தப் பெயர் அடிக்கடி கண்ணில் படும். பார்த்ததும் நமக்கு 'லயா' ஞாபகம் வருவது இயல்புதான். ஆனால் அதை வைத்துத் தாளம், லயம் என்று பொருள் எழுதிவிடாதீர்கள். அது சமஸ்கிருதச் சொல். இதற்கும் அதற்கும் உறவே இல்லை. இரவு என்று பொருள்படும் அரபுப் பெயர் லைலாவோடு முடிச்சுப் போடுவதும் அதே தவறுதான்.

லாயா என்பது 'எவ்லாலியா'வைச் செல்லமாகச் சுருக்கியது. இன்று அது தனிப்பெயராகவே வைக்கப்படுகிறது. முழுப்பெயரின் தலை உதிர்ந்து வால் மட்டும் நிற்பதால், அந்த வாலில் பொருள் தேடினால் ஒன்றும் கிடைக்காது. தாய்ப்பெயருக்குப் போக வேண்டும். அது கிரேக்கம். 'எவ்' என்றால் நன்றாக, 'லாலெய்ன்' என்றால் பேசுவது. இனிமையாகப் பேசுபவள். நம் தேன்மொழியேதான்! குழந்தைப் பெயர்ப் பட்டியல் போடுகிறவர்கள் இந்த அழகான பொருளைத் தவறவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பார்சிலோனாவின் 'வியா லாயெத்தானா' சாலைக்கு லாயா என்ற பெண்ணின் பெயர் வைத்ததாக நினைப்பதும் தவறு. அங்கே பழங்காலத்தில் வாழ்ந்த லாயெத்தானி என்ற ஐபீரியக் குடியின் பெயர் அது.

அப்புறம் உச்சரிப்பு. 'லையா' என்றோ 'லா-இ-யா' என்றோ எழுத வேண்டாம். இரண்டே அசை, அழுத்தம் முதல் அசையில். கடைசி 'யா' பார்சிலோனாக்காரர் வாயில் தேய்ந்து பாதியாகத்தான் கேட்கும். பேச்சில் 'லா லாயா' என்று வந்தால் அது இரட்டைப் பெயர் அல்ல. பெண் பெயருக்கு முன்னால் 'லா' சேர்ப்பது அவர்கள் வழக்கம்.

ஒருவரின் பெயருக்குரிய புனிதையின் திருநாளில் அவருக்கு வாழ்த்துச் சொல்வது அங்கே வழக்கம். அந்த நாளிலும் குழப்பம் வரும், ஏனென்றால் எவ்லாலியா என்று இரண்டு புனிதைகள். ஸ்பெயினின் மெரிதா நகரத்து எவ்லாலியாவின் திருநாள் டிசம்பர் 10. பார்சிலோனாக்காரிக்கு பிப்ரவரி 12. இந்தப் பார்சிலோனாக்காரி 13 வயதில் வேதசாட்சியாக, அதாவது தன் மத நம்பிக்கைக்காக, இறந்தாள் என்பது மரபு. அந்த வயதுக்காகவே பார்சிலோனா பேராலய முற்றத்தில் இன்றும் 13 வெள்ளை வாத்துகள் வளர்க்கிறார்கள். நகரத்தின் பெரிய திருவிழா செப்டம்பர் 24 அன்று மெர்சே மாதாவுக்கு நடக்கிறது. அந்த நாட்களில் மழை பெய்தால், தன்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்களே என்று எவ்லாலியா அழுகிறாள் என்பார்கள் ஊர்க்காரர்கள்.