முதல் சீசனுக்கு வண்டி ஏறும் முன்னால்: கரகாட்ட செட்டில் சேருகிறவர்களுக்கு

தை பிறந்தால் எங்களுக்கு வேலை தொடங்கும். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் வீட்டில் படுத்த ராத்திரியை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆடி முடிந்தால்தான் வண்டி நிற்கும். பதினாறு வருஷமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். கரகம் ஆடுகிற இரண்டு மூன்று பேர், பொய்க்கால் குதிரை, மயில், காளை என்று கட்டி ஆடுகிறவர்கள், ஒரு கோமாளி, நாயனம், தவில், பம்பை, தமுக்கு என்று நையாண்டி மேளக்காரர்கள், எல்லாரும் ஒரே வேனில் போவோம். புதிதாக வருகிற பிள்ளைகள் ஆட்டத்தை நன்றாகவே கற்றுக்கொண்டு வருகிறார்கள். முதல் சீசனிலேயே விட்டுப் போனவர்களில் ஆட்டம் வராமல் போனவர்களை நான் பார்த்ததில்லை. தூக்கம் கெட்டு, உடம்பு கெட்டு, பேசின காசு கைக்கு வராமல் போனவர்கள்தான். அதனால் ஆட்டத்தை விட்டுவிடுகிறேன், மற்றதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். போனில் குறிப்பது போதாது, சார்ஜ் தீர்ந்தால் ஊர் பெயரே மறந்துவிடும். கோயில் கமிட்டிக்காரர்கள் 'பங்குனி கடைசி செவ்வாய்' என்றுதான் தேதி சொல்வார்கள். அதைத் தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதி இரண்டிலும் எழுதிக்கொண்டு, செவ்வாய் ராத்திரியா, செவ்வாய் விடிகாலையா என்றும் கேளுங்கள். ஊர் பெயரை மட்டும் நம்பாதீர்கள். புதுப்பட்டி என்று புதுக்கோட்டைப் பக்கமும் இருக்கிறது, மதுரைப் பக்கமும் இருக்கிறது. எங்கள் செட்டு ஒரு தடவை தப்பான புதுப்பட்டிக்குப் போய் நின்று, அங்கிருந்து விசாரித்துச் சரியான ஊர் போய்ச் சேர்வதற்குள் சாமி ஊர்வலமே கிளம்பிவிட்டது. அன்றைக்குப் பாதிக் காசுதான் கிடைத்தது, கேட்கவும் எங்களுக்கு வாய் இல்லை. தாலுகா என்ன, எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்க வேண்டும், அங்கே யார் வந்து நிற்பார்கள், இந்த மூன்றும் நோட்டில் இருக்கட்டும்.

காசு விஷயத்தில் கூச்சம் வேண்டாம். தேதி கொடுக்கும்போதே அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எப்போது, வண்டிச் செலவு யாருடையது, மழை வந்து ஆட்டம் நின்றால் என்ன என்று நாலையும் பேசி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். செட்டுத் தலைவரோ ஏஜென்ட்டோ பேசினாலும், உங்கள் பங்கு என்ன என்று வண்டி ஏறும் முன் அவர் வாயால் கேட்டுவிடுங்கள். மீதிக் காசை ஆட்டம் முடியும் முன் வாங்கிவிட வேண்டும். பந்தல் பிரித்த பிறகு கமிட்டிக்காரர்களைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அப்புறம் அன்பளிப்பு. ஆட்டம் பார்க்கிறவர்கள் ஆசையாகக் கொடுக்கிற நோட்டைக் கையில் வாங்குங்கள் அல்லது தட்டில் போடச் சொல்லுங்கள், சட்டையில் குத்த வருகிறவரைக் கிட்டே விடாதீர்கள். அந்தக் காசு ஆடினவருக்கு மட்டுமா, மேளக்காரர்களுக்கும் சேர்த்தா என்பதையும் செட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒன்றாகச் சாப்பிடுகிற செட்டுகள் இதில்தான் உடைந்து போயிருக்கின்றன.

இனி சொல்வது பெண்களுக்கு, ஆனால் செட்டில் உள்ள ஆண்களும் படிக்க வேண்டும். ஊருக்குப் போய் இறங்கியதும் முதல் வேலை, உடுத்த இடம் பார்ப்பது. உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை, லைட், பக்கத்தில் கக்கூஸ். இதைத் தேதி பேசும்போதே கேட்க வேண்டும், இறங்கிய பிறகு கேட்டால் பள்ளிக்கூடத்துத் திண்ணையைக் காட்டி, சேலையை மறைப்பாகக் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். நான் ஆட வந்த புதிதில் கக்கூஸ் இருக்காதே என்று பயந்து மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பேன். சித்திரை வெயிலில் வேனில் வந்து, ராத்திரி முழுக்க வியர்க்க வியர்க்க ஆடி, மறுநாள் சொட்டுச் சொட்டாக எரிச்சலோடு போகும். இரண்டு சீசன் அப்படி இருந்து, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் புத்தி வந்தது. தண்ணீரைக் குறைக்காதீர்கள், இடத்தைக் கேட்டு வாங்குங்கள். நான் இப்போது கமிட்டியிடம் பேசிக்கொண்டு நிற்காமல், பக்கத்து வீட்டு அக்காவிடம் நேராகப் போய்க் கேட்டுவிடுகிறேன். கேட்ட வீட்டில் இல்லை என்று சொன்னதில்லை, பல வீட்டில் காபியும் வந்திருக்கிறது. மாதவிலக்கு நாளுக்கு வேண்டியதை வேனிலேயே தனிப் பையில் வைத்திருங்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கிராமத்தில் கடை இருக்காது.

சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், அரை வயிறு போதும். திருவிழா வீட்டில் கறிச்சோறு போட்டால் வேண்டாம் என்று சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கும், பாத்திரத்தில் வாங்கி வைத்து ஆட்டம் முடிந்து சாப்பிடலாம்.

கரகத்தை முழுசாகக் கட்டியபடி தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கிளி, பூக்கூடு, செம்பு மூன்றையும் பிரித்து, செம்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் நான் வருவேன். செம்பின் அடியைத் தலையில் உட்காருகிற மாதிரி உள்வாங்கத் தட்டியிருப்பார்கள், அந்த இடத்தில் ஒரு நெளிவு விழுந்தால் அன்றைக்கு ராத்திரி கரகம் நிற்காது. சலங்கைக்கு உள்ளே பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் வியர்வையில் தோல் பட்டை விறைத்துக் கணுக்காலை அறுத்துவிடும். கழற்றியதும் துடைத்துக் காற்றாட வையுங்கள், பைக்குள் ஈரமாகப் போடக்கூடாது. முகத்தில் போட்டதைத் தேங்காய் எண்ணெய் வைத்துத் துடைத்துவிட்டுத்தான் வேனில் கண்ணை மூட வேண்டும், எவ்வளவு அசதியாக இருந்தாலும் சரி.

மேடையில் ஒன்று. இரட்டை அர்த்தப் பாட்டு பாடு, இப்படி ஆடு என்று கூட்டத்திலிருந்து சத்தம் வரும். நீங்கள் தனியாகப் பதில் சொல்லாதீர்கள். தவில்காரர் அண்ணனிடம் முதலிலேயே ஒரு சைகை பேசி வைத்திருங்கள். நான் இடது கையைக் காதுக்குக் கொண்டு போனால் எங்கள் அண்ணன் அடியை மாற்றிவிடுவார், நாயனத்தில் மாரியம்மன் பாட்டு ஏறிவிடும், சாமி பாட்டுக்கு நடுவில் கத்த யாருக்கும் வாய் வராது. முன்வரிசையில் பெண்களையும் குழந்தைகளையும் உட்கார வைக்கச் சொல்வதும் நல்ல காவல். ஆபாசம் கூடாது என்று கோர்ட்டே நிபந்தனை போட்டுத்தான் அனுமதி கொடுக்கிறது. குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரிலும் 2023-லிருந்து ஆடக்கூடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் மைக் செட்டுக்குச் சட்டத்தில் தடை உண்டு, அதனால் போலீஸ் அனுமதிக் கடிதத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதில் என்ன நேரம் போட்டிருக்கிறதோ அதற்குள் முடியுங்கள். கேஸ் வந்தால் கமிட்டியோடு செட்டும்தான் ஸ்டேஷனில் நிற்கும்.

ஆட்டம் முடிந்த கையோடு கிளம்பச் சொல்லி யாராவது அவசரப்படுத்துவார்கள். டிரைவர் தூங்கினாரா என்று பாருங்கள். அவரும் நம்மோடு உட்கார்ந்து ஆட்டம் பார்த்திருந்தால் வண்டி எடுக்க வேண்டாம், கோயில் மண்டபத்தில் விரித்துப் படுத்துவிட்டு வெளிச்சம் வந்த பிறகு கிளம்பலாம். எங்கள் செட்டில் இதற்கு விதிவிலக்கே கிடையாது, அடுத்த ஊர் எவ்வளவு தூரமாக இருந்தாலும்.

வீட்டில் பிள்ளை இருந்தால், போன் பேச ஒரே நேரம் வைத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு சாயங்காலம் ஆறு மணி, மேக்கப் போடுகிற நேரம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முகத்துக்குப் பூசிக்கொண்டே பாடம் கேட்பேன். பங்குனியில் அவளுக்குப் பரீட்சை, எனக்கு ஓயாத சீசன், அதனால் அந்த ஒரு அழைப்பை மட்டும் நான் தவறவிடுவதே இல்லை.

புரட்டாசியிலிருந்து மார்கழி வரை கையில் வேலை இருக்காது. அப்போதுதான் தீபாவளிச் செலவுக்கு ஏஜென்ட்டுகள் கடன் நீட்டுவார்கள். வாங்கினால் அடுத்த சீசன் முழுக்க அவர் சொன்ன ஊருக்கு, அவர் சொன்ன காசுக்கு ஆட வேண்டியிருக்கும். நான் ஒவ்வொரு ஆட்டத்துக் காசிலும் ஒரு நோட்டைத் தனியாக எடுத்து, அந்த மாதங்களின் அரிசி பருப்புக்கென்று தபால் ஆபீஸில் போட்டுவிடுகிறேன். அந்த ஓய்வு மாதங்களில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு. 2007-ல் தொடங்கியது, 18 வயது முதல் 60 வயது வரை சேரலாம். பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, மூக்குக்கண்ணாடிக்கு, விபத்து நடந்தால் குடும்பத்துக்கு என்று உதவித்தொகை உண்டு. உங்கள் பகுதிக்கான கலை பண்பாட்டுத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வேஷத்தோடு ஆடுகிற போட்டோ, பேர் போட்ட திருவிழா நோட்டீஸ் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுக்கொண்டு போங்கள். நோட்டீஸை இந்த சீசனிலிருந்தே ஊருக்கு ஒன்று கேட்டு வாங்கி, தேதி எழுதுகிற அந்த நோட்டுக்குள்ளேயே மடித்து வையுங்கள்.