சிரிப்புத் துணுக்கு எழுத: பதிலிலிருந்து தொடங்குங்கள்

முதலில் பதில் வரியை முடிவு செய்யுங்கள்; கேள்வியை அதற்கேற்பப் பிறகு அமைக்கலாம்.

"மறதிக்கு மருந்து கொடுத்தேனே, சாப்பிட்டீங்களா?"
"எந்த மருந்து டாக்டர்?"

நோயாளி "மறந்துட்டேன்" என்று சொல்லியிருந்தால் பாதிச் சிரிப்பு போயிருக்கும். அவர் மறந்துவிட்டார் என்பதைத் துணுக்கைக் கேட்பவரே கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஒரு நொடியில்தான் சிரிப்பு பிறக்கிறது. 'டாக்டர்' என்பதை முன்னால் தள்ளிப் பாருங்கள்: "டாக்டர், எந்த மருந்து?" இன்னும் கூர்மை, ஏனென்றால் 'எந்த மருந்து' என்பதற்குப் பின்னால் இழுக்க எதுவும் இல்லை.

கேள்வியில் 'மறதி' விட்டுப்போனால் பதில் வெறும் சந்தேகமாகிவிடும். வாய்விட்டுச் சொல்லும்போது பதிலுக்கு முன் சற்று நிறுத்துங்கள். யாரும் சிரிக்கவில்லையா? விளக்காதீர்கள், கேள்வியைத் திருத்துங்கள். வீட்டில் மறதி நோயோடு போராடுபவர்களிடம் இதைச் சொல்லவே வேண்டாம்.